குடை போட்ட புத்தகங்கள்

யாங்கோனின் க்யிம்யிண்டைங் சந்தையில் கைலி மூட்டுகிற பெண்களில் பெர்சிஸ்தான் பேசாதவள். கடையில் வாங்கிய கைலித் துணியை அப்படியே கட்டிக்கொள்ள முடியாது. இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்ட வேண்டும். அதற்கென்றே மாடிப்படிக்குக் கீழே நாலைந்து பெண்கள் மிதி தையல் மிஷினோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். துணிப்பையோடு யார் இறங்கினாலும் மற்றவர்கள் கையைத் தட்டிக் கூப்பிடுவார்கள். பெர்சிஸ் தலையைத் தூக்க மாட்டாள். இருந்தும் அவளுக்கு வேலை குறைந்ததில்லை. அவள் மூட்டினால் கட்டத்தோடு கட்டம் சேர்ந்து நிற்கும், மூட்டிய இடம் எதுவென்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தாள். அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. மூட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டே கைப்பேசியைப் பார்ப்பார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் தலை குனிந்திருந்தாலும் கண் சும்மா இருக்காது. துணியை நீட்டுகிற கையைப் பார்த்தே, இது மாப்பிள்ளைக்கு, இது ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு, இது வெளிநாட்டுக்குப் போகிற பையனின் பெட்டிக்கு என்று தெரிந்துவிடும். சமீப வருஷங்களில் பெட்டிக்குப் போகிற கைலிகள்தான் அதிகம்.

அவளுடைய அப்பா சிங்கராயர் மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் இறந்தபோது பெர்சிஸ் ஐந்தாம் வகுப்பு. அம்மா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மிஷினில் உட்கார வைத்தாள், தம்பி ஜெரால்டைப் படிக்க வைத்தாள். யாரும் அழவில்லை, சண்டை போடவில்லை, அது அப்படித்தான் நடந்தது. ஜெரால்ட் இப்போது மலேசியாவில் குடும்பத்தோடு இருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று கூப்பிடுவான். அவன் பிள்ளைகள் திரையில் கையை ஆட்டிவிட்டு ஓடிப்போவார்கள். அம்மா போன பிறகு நாலாவது மாடி அறையில் பெர்சிஸ் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போய்ப் பக்கத்துக் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்காருவாள், பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் கூடுவதற்குள் வெளியேறிவிடுவாள். ஆண்டவரையும் நூர் பீவியையும் விட்டால் அவள் தமிழைக் கேட்க ஆளில்லை.

நூர் பீவி சந்தைக்குப் பின்தெருவில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருப்பவள். கடை என்றால் ஒரு வாசல், இரண்டு சுவர், சுவர் நிறைய பர்மியப் புத்தகங்கள். வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டாள். காதல் கதைகளும் துப்பறியும் கதைகளும் முன்வரிசையில். பெர்சிஸ் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்தக் கடையில் பாதிக் கடையைப் படித்திருந்தாள்.

வாடகைப் புத்தகக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் கதை படித்தவருக்கு எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் தனக்கென்று ஒரு சின்ன அடையாளம் போட்டுவைப்பார்கள். பிறை, வெற்றிலை, ஒரு எழுத்து, மீன் முள். மறுபடி அந்தப் புத்தகம் கைக்கு வந்தால் பின்னால் திருப்பிப் பார்த்து, தன் அடையாளம் இருந்தால் பலகையில் வைத்துவிட்டு வேறு கேட்பார்கள். எது யாருடையது என்று கேட்கக் கூடாது. அது பக்கத்து வீட்டுச் சட்டியைத் திறந்து பார்க்கிற மாதிரி. பெர்சிஸின் அடையாளம் ஊசிக் குத்து. மூலையில் ஒரே ஒரு துளை, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

பின்வரிசையில், முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த சில புத்தகங்கள் இருந்தன. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது மூட்டையாக வந்தவை. எல்லாம் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பற்றியவை. சரித்திரம், நாவல், விடுதலைக்காகச் செத்தவர்களின் வாழ்க்கை, எல்லாம் பர்மிய மொழிபெயர்ப்பில். போலீஸ் கண்ணில் பட்டால் வம்பு என்று முன்னே வைக்க நூர் பீவிக்குப் பயம், எடைக்குப் போட மனசில்லை. பெர்சிஸ் ஒருநாள் முன்வரிசையில் எதுவும் பிடிக்காமல் அதில் ஒன்றைக் கேட்டாள்.

"அதுவா? சண்டைப் புத்தகம் புள்ள. ஒரே வெட்டுக் குத்து. காதல் கதை எடுத்துட்டுப் போயேன், உனக்கும் வயசு போகுதில்ல."

"சிரிக்காதீங்கக்கா."

"நான் எங்க சிரிச்சேன்? எம் மூஞ்சியே அப்படித்தான்."

அந்த முதல் புத்தகத்தை அவள் மாலை வெளிச்சம் போகும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரு நாட்டை இன்னொரு நாடு ஆண்டிருக்கிறது. ரத்தத்தைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டு ரகசியமாகச் சேர்ந்தவர்கள் தையற்காரர்களும் கிடங்குக்காரர்களும் குமாஸ்தாக்களும். ஜெயித்துவிட்டோம் என்று அவர்கள் கொடியை ஏற்றி முடிப்பதற்குள் பழைய எஜமானன் நாட்டைப் புதிய எஜமானனுக்கு விற்றுவிட்டான். அந்த இடத்தில் அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே தெரிந்த ஆற்றைப் பார்த்தாள்.

அவளை அதிகம் கலக்கியது பாதிரியார்கள்தான். அந்த நாட்டில் நிலமெல்லாம் சாமியார் மடங்களின் கையில் இருந்தது. குத்தகை கொடுக்க முடியாதவனை அவர்களே வீட்டை விட்டுத் துரத்தினார்கள். அதே நாட்டில், அதே திருச்சபையில், உள்ளூர்க் குருக்கள் மூன்று பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அந்த வாரம் பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்தியபோது பெர்சிஸுக்கு அந்த மூன்று பேர் நினைவு வந்தது. இதை யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்கிற விஷயமா இது? நூர் பீவி படிக்கவே மாட்டாள், அவளுக்குப் புத்தகம் என்றால் தூசு.

ஊசியால் குத்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோதுதான் குடையைப் பார்த்தாள். நீல மையில், நகத்தளவு. வளைந்த கைப்பிடியும், விரிந்த துணியும், மேலே கூராக ஒரு கம்பியும். கவனமாக வரைந்த குடை.

அடுத்த புத்தகத்திலும் குடை. அதற்கடுத்ததிலும். பின்வரிசையில் இருந்த எல்லாப் புத்தகத்திலும் குடை இருந்தது. வேறு ஒரு அடையாளமும் இல்லை. இத்தனை பெரிய யாங்கோனில் இந்தப் புத்தகங்களை இரண்டே பேர்தான் படித்திருக்கிறார்கள். ஒன்று குடை, இன்னொன்று அவள்.

அதற்குப் பிறகு அவள் படித்த விதமே மாறிப்போனது. ஒரு பக்கத்தில் நிற்கும்போது, குடைக்காரரும் இங்கே நின்றிருப்பாரா என்று யோசிப்பாள். குடைக்காரர் ஆணா பெண்ணா என்று தெரியாது. வயதானவர் என்று மட்டும் ஏனோ தோன்றியது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் குடையை இவ்வளவு பொறுமையாக வரைய மாட்டார்கள். மிஷினை மிதித்துக்கொண்டே மனசுக்குள் அவரோடு பேசுவாள். அந்த மூன்று சாமியார்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நாட்டை விற்ற இடத்தில் நீங்களும் புத்தகத்தை மூடினீர்களா? பிறந்ததிலிருந்து அவள் ஒரு புத்தகத்தைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. இப்போது பேச வேண்டும் என்ற ஆசை, தாகம் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒருவரைப் பார்த்து ஒரு பத்து நிமிஷம் பேசினால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் துணிந்து, செய்யக் கூடாததைச் செய்தாள். துணியில் குறி வைக்கிற பென்சிலை எடுத்து, குடைக்குக் கீழே, கைப்பிடிக்கு ஒட்டி ஒரு புள்ளி வைத்தாள். மழைக்கு ஒதுங்க வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி. செய்துவிட்டு முகமெல்லாம் சூடாகிப்போனது. அப்புறம் ஒவ்வொரு புத்தகமாக வாங்கி எல்லாக் குடைக்கும் கீழே புள்ளி வைத்தாள்.

மழைக்காலம் பாதி போயிருக்கும். இருந்ததிலேயே அவளுக்குப் பிடித்த நாவல் ஒன்று, பச்சை அட்டை போட்டது. அதை மறுபடி படிக்கலாம் என்று போனால் இடம் காலியாக இருந்தது.

"அக்கா, அந்தப் பச்சை அட்டை..."

"வெளிய போயிருக்கு புள்ள."

பெர்சிஸ் பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். போகவில்லை. நூர் பீவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"என்ன? வேற வேணுமா?"

"யாரு... எடுத்திருக்காங்க?"

"அட! ஒம்பது வருஷமா வர்றே, இன்னிக்குத்தான் வாயத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கே. இன்சீன்லேருந்து வர்ற பெரியவரு ஒருத்தரு. தங்கவேலு ஐயா. நம்ம ஆளுதான், தமிழு. ரயில்வே பட்டறையில வேலை பார்த்தவரு. செவ்வாய்க்கிழமை ஆனா ஊரைச் சுத்துற வட்ட ரயில்ல வந்து இறங்கிடுவாரு. அது ஒரு தினுசான மனுசன். எல்லாரும் தன் அடையாளம் இருந்தா வச்சிட்டுப் போவாங்க. இவரு குடை இருக்கான்னு பார்த்துப் பார்த்து, இருந்தாத்தான் எடுப்பாரு. எடுத்ததையே எடுக்குறாரு. சோறு ஆறினாக் கூடச் சுடவச்சுத் திங்கலாம், கதையை எப்படித் திரும்பத் திரும்ப... உனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"சும்மாக்கா."

படித்ததையே திரும்பப் படிக்கிறார். அவளும் அப்படித்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்த ஒரே நினைப்புதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, பின்தெருவில் டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே போய் நின்றாள். அவர் வந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் துணிப்பை. நூர் பீவி எடுத்துக் கொடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து தெரு வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்தார். விரலால் குடைக்குக் கீழே மெதுவாகத் தடவினார். பிறகு சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரிக்கிற மனுஷனின் சிரிப்பு அது. முகம் முழுக்கப் பரவக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

புள்ளியைப் பார்த்துவிட்டார். பார்த்துச் சிரிக்கிறார்.

பெர்சிஸ் தெருவைக் கடக்கவில்லை. கடக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. இன்றைக்கு இது போதும், அடுத்த செவ்வாய்க்கிழமை பேசிக்கொள்ளலாம். அந்த வாரம் முழுக்க அவள் மிஷினில் உட்கார்ந்து, பேச வேண்டியதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து மிஷின்காரி, "பெர்சிஸ், என்ன, பாட்டு முணுமுணுக்கிறாயா?" என்று பர்மியில் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் எழுந்து போக வேண்டியிருக்கவே இல்லை. அவரே வந்தார். மாடிப்படிக்குக் கீழே குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து அவள் முன் நின்றார்.

"பெர்சிஸ்ங்கிறது நீதானாம்மா? நூர் பீவி அனுப்பினாங்க."

தலையை ஆட்டினாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி எடுத்து வந்த பச்சை அட்டைப் புத்தகத்தை மிஷின் பலகையில் வைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு புதுத் துணியை எடுத்து அவள் மடியில் போட்டார். கரும்பச்சையில் சின்னக் கட்டம். விலை உயர்ந்த துணி.

"இத மூட்டணும். பையனுக்கு. நல்ல உயரம் அவன், ஓரத்துல ரொம்பப் பிடிச்சிராத."

அவள் ஓரங்களைச் சேர்த்துக் கட்டம் பார்த்து ஊசிக்கடியில் கொடுத்தாள். கை தானாக வேலை செய்தது. முதலில் எதைக் கேட்பது? சாமியார்களையா, கொடியையா? கண் புத்தகத்தின் மேலேயே இருந்தது.

"படிப்பியாம்மா?" என்றார் அவர்.

"படிப்பேங்க." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இதையும் படிச்சிருக்கேன்."

"அப்படியா! கெட்டிக்காரி. எனக்கு எழுத்து வாசனையே கிடையாது. கையெழுத்துப் போடுவேன், அதோட சரி."

மிதியில் அவள் கால் நின்றது.

"படிக்கிறது எம் பொஞ்சாதி. கனகாம்பாள். பர்மாப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் போனவ. சர்க்கரையில கால் போயிருச்சு, அதனால நாந்தான் வந்து எடுத்துட்டுப் போவேன். எடுத்ததையே எடுத்துட்டு வந்து நிப்பேன், ஏச்சு விழும். அப்புறம் அவளே படிச்சு முடிச்சதும் ஒரு குடை போட்டுக் குடுத்தா. 'குடை இருந்தா எடுக்காதே, மக்கு'ன்னு." அவர் சிரித்தார். "போன வருஷம் மழைக்கு முன்னாடி போயிட்டா. இப்ப குடை இருக்கிறதாப் பார்த்து எடுக்குறேன். வீட்டுல அவ கட்டில் மேல வச்சிருப்பேன். ஒரு வாரம் இருக்கும், கொண்டாந்து குடுத்துட்டு வேற எடுப்பேன். கிறுக்குதான்."

பெர்சிஸ் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் தான் பேசிக்கொண்டிருந்தது போய்ச் சேர்ந்துவிட்ட ஒருத்தியோடு. பக்கத்தில் ஒதுங்கி நின்றதாக நினைத்தபோது அங்கே யாருமே இல்லை.

"முன்னெல்லாம் காதல் கதைதான் படிப்பா," என்றார் தங்கவேலு. "பையன் போன பிறகுதான் இந்தப் புத்தகங்களைக் கேட்டு வாங்க ஆரம்பிச்சா." இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சுந்தர்னு பேரு. பட்டாளம் ஆட்சியப் பிடிச்சு ஊரே கலைஞ்ச அந்த வருஷம் போனான். எந்தப் பக்கம்னு கேக்காதம்மா. ஒரு சேதியும் இல்ல. ஆத்தா செத்ததும் அவனுக்குத் தெரியாது."

அவள் மெல்ல மிதிக்கத் தொடங்கினாள்.

"ஆனா வந்துட்டான்," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"இங்கதான் எங்கியோ இருக்கான். வீட்டுக்கு வரமாட்டான், தெருவுல கண்ணு இருக்குல்ல. இதப் பாரு." புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "குடை தெரியுதா? அது அவ போட்டது. கீழ புள்ளி தெரியுதா? சின்னப் பையனா இருக்கும்போது அவனும் எங்கூடப் புத்தகம் எடுக்க வருவான். அவ குடைக்குக் கீழ ஒரு புள்ளி வைப்பான். 'அம்மா குடை, நான் உள்ள நிக்கிறேன்'னு. ஏசுவா, கேக்க மாட்டான். அவ குடை போட்ட அந்தப் பழைய கதையெல்லாம் கிழிஞ்சு எடைக்குப் போயிருச்சு. இதெல்லாம் அவன் போன பிறகு வந்தது. அவ இருக்கிறப்ப இதுல வெறும் குடைதான். இப்ப எல்லாத்துலயும் புள்ளி இருக்கு! அவனத் தவிர யாருக்கும்மா தெரியும்?"

மிஷின் நின்றுவிட்டது. ஊசி துணியில் பாதி இறங்கி நின்றது.

"நூர் பீவிகிட்ட ஒரு பை குடுத்து வச்சிருக்கேன். சட்டை, மாத்திரை. அந்தம்மா பயப்படுது. இந்தக் கைலியையும் வைக்கணும். நாளையிலேருந்து தினமும் காலை ரயில்ல வந்துடப்போறேன். கடைக்கு எதுக்க டீக்கடையில உக்கார்ந்துக்குவேன். மழை பெய்ஞ்சா இங்க வந்து உன் பக்கத்துல உக்கார்ந்துக்கலாம், இல்லையாம்மா? நீயும் தமிழு."

பேசாமல் இருந்தால் போதும். அது அவளுக்குக் கைவந்த வேலை. அவர் தினமும் வருவார், இந்த முக்காலியில் உட்காருவார், தமிழில் பேசுவார். அவள் ஏங்கியதைவிட அதிகமாகவே கிடைக்கும். எதுவும் பொய் சொல்ல வேண்டாம், வாயை மட்டும் திறக்காமல் இருந்தால் சரி. அவர் டீக்கடையில் உட்கார்ந்து போகிற வருகிற இளவட்ட முகங்களையெல்லாம் பார்ப்பார். இன்னொரு செவ்வாய்க்கிழமை, யாரிடமாவது, இவ்வளவு தாழ்த்தாத குரலில், பையன் வந்துவிட்டான் என்று சொல்லுவார், அது கேட்கக் கூடாத காதுக்கும் போகும்.

"ஐயா," என்றாள்.

"சொல்லும்மா."

"அது நானுங்க."

"எது?"

"புள்ளி. நாந்தான் வச்சேன்."

அவர் புரியாமல் சிரித்தார். "நீயா? நீ எதுக்கு வைக்கிறே?"

அவள் மிஷின் இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்தாள். மரப்பலகையின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து பலகையைப் பார்த்தார், பிறகு புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"எதுக்கும்மா?" கோபமில்லை. தொலைந்ததை எங்கே வைத்தோம் என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"குடை போட்டவங்க இதையெல்லாம் படிச்சிருக்காங்க. நானும் படிச்சேன். வேற யாரும் படிக்கல. அதான்... நானும் இருக்கேன்னு." வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்த தமிழ் எங்கேயோ போய்விட்டது.

மேலே துணிக்கடையில் யாரோ விலை பேசிச் சிரித்தார்கள். ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு ஓடியது. பெரியவர் புத்தகத்தை மூடி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கைகள் அதன் மேல் கிடந்தன.

"மூட்டும்மா," என்றார். "பாதியில நிக்குது பாரு."

அவள் மூட்டினாள். கண்ணீர் மறைத்தது, ஆனாலும் கட்டம் கட்டத்தோடு சேர்ந்தது. நூலைக் கடித்து, மடித்து, நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இதுல என்ன இருக்கு?" புத்தகத்தைத் தட்டினார். "இத மட்டும் நாலஞ்சு தடவை எடுக்கச் சொன்னா. படிச்சிட்டுச் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவா. அழுதாளான்னு தெரியாது. கேட்டா, உனக்குப் புரியாதும்பா. அவ எந்த இடத்துல அழுதிருப்பா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் அழுத இடம் தெரியும்."

"அதச் சொல்லு."

அவள் சொன்னாள். முதலில் வார்த்தைகள் தடுக்கின, பர்மியில் படித்ததைத் தமிழில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அந்த ஊரில் ஒரு தாய். மகன் மலைக்குப் போய்விட்டான். சிப்பாய்கள் வீட்டைக் கவனிக்கிறார்கள், உலையில் எவ்வளவு அரிசி போடுகிறாள் என்றுகூடப் பார்க்கிறார்கள். ஒரு நாள் கூடப் போட்டால் மகன் வந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். அதனால் அவள் தினமும் ஒரு பிடி கூடப் போடுகிறாள். அவன் வராத நாளிலும். அந்தச் சோற்றைப் பிச்சைக்காரனுக்குக் கொடுக்கிறாள், நாய்க்கு வைக்கிறாள், வயிறு நிறைந்த பிறகும் தானே தின்கிறாள். அவன் வருகிற நாளில் கணக்கு வித்தியாசப்படக் கூடாதே.

தங்கவேலு அசையாமல் கேட்டார்.

"அவளும் போடுவா," என்றார். "ஒரு பிடி. நாங்க ரெண்டே பேரு, எதுக்கு இவ்வளவுன்னு நான் சத்தம் போடுவேன். வாயே திறக்க மாட்டா. காலையில காக்காய்க்கு அள்ளி வைப்பா." புத்தக அட்டையை விரலால் தேய்த்தார். "நான் அதை விரயம்னு சொல்லிச் சொல்லி..."

முடிக்கவில்லை. எழுந்து, கைலியை வாங்கிப் பையில் வைத்தார். "அப்புறம்? அந்தப் பையன் வந்தானா?"

பெர்சிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கதை அதச் சொல்லலீங்க. அந்தம்மா உலை வைக்கிறதோட முடிஞ்சிருது."

அது பொய்யில்லை. அப்படித்தான் முடியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படிக்குக் கீழே குனிந்து, ஸ்டேஷன் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மழை தொடங்கியிருந்தது, அவரிடம் ஒதுங்க ஒன்றுமில்லை. அவள் எழுந்து நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். அந்தச் சந்தையில் குரல் கொடுத்துக் கூப்பிட அவளுக்குப் பழக்கமில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் முக்காலியைத் துடைத்துப் போட்டு வைத்தாள். இன்சீன் ரயில் வந்தது. கீரைக்கூடைக்காரிகள் போனார்கள், சீருடைப் பிள்ளைகள் போனார்கள். அவர் வரவில்லை. சாயங்காலம் பின்தெருவுக்குப் போனாள்.

"வந்துட்டுப் போனாரே," என்றாள் நூர் பீவி. "சந்தைக்குள்ள நுழையாம அந்தப் பக்கத்து ரோட்டால வந்தாரு. பையைத் திருப்பி வாங்கிக்கிட்டாரு, அல்லாவே, எனக்கு இப்பத்தான் மூச்சு வருது. ஒரு புத்தகம் எடுத்தாரு. என்ன புள்ள சொன்னே நீ அவருகிட்ட?"

"என்னைப் பத்தி ஏதும் கேட்டாருங்களா?"

"இல்லியே." நூர் பீவி கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாகக் கேலி செய்யாமல், பலகையைத் தூக்கிப் பிடித்தாள். "உள்ள வந்து உக்காரு. டீ சொல்றேன்."

"வேண்டாங்கக்கா. துணி கிடக்கு."

அவருக்கு அவளைப் பார்க்க முடியவில்லை என்பது பெர்சிஸுக்குப் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் அவருக்கு மகன் வராதது தெரியும். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புத்தகம் எடுக்க அவர் வர வேண்டும், பயந்து சுற்று ரோட்டில் மழையில் நடக்கக் கூடாது. அதனால் அவள் செவ்வாய்க்கிழமைகளில் சந்தைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். மிஷின்காரிகளிடம் உடம்புக்கு முடியவில்லை என்றாள். நூர் பீவியிடம் மட்டும், அவரிடம் எதேச்சையாகச் சொல்வது போல, அந்தக் கைலிக்காரி செவ்வாய்க்கிழமை இருக்க மாட்டாள் என்று சொல்லச் சொன்னாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவள் அறையில் இருக்கிறாள். துணி துவைத்துப் போடுகிறாள். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து தண்டவாளம் தெரியாது, ரயில் வருகிற சத்தமும் கிளம்புகிற சத்தமும் மட்டும் கேட்கும். மத்தியானத்து ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். ஸ்டேஷனிலிருந்து நேர் ரோட்டில் வந்தால், சந்தைக்குள் புகுந்து, மாடிப்படியைத் தாண்டி, பின்தெருவுக்குப் போய்ச் சேர ஒரு வயதான மனுஷனுக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் முடியும்வரை அப்படியே இருப்பாள். பிறகு எழுந்து உலையில் அரிசி போடுவாள்.